ஆமைக்குப் பல்பு வாங்கும் முன் நிழலைத் தேடுங்கள்

திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் சாலையில், திருமுருகன்பூண்டி திருமுருகநாதர் கோயிலைச் சுற்றியுள்ள பகுதிகளில் சிற்பக் கூடங்கள் நிறைய இருக்கின்றன. காலை வேளையில் அங்கே பாதி செதுக்கிய நந்தியின் மீதோ, இன்னும் உளி படாத கற்பாளத்தின் மீதோ ஓர் ஓணான் வயிற்றை ஒட்டவைத்துப் படுத்திருப்பதைப் பார்க்கலாம். உடம்பில் சூடேறும்வரை அது அசையாது. வெயில் உறைக்க ஆரம்பித்ததும் இறங்கி, பக்கத்துப் பாளத்தின் நிழலுக்குள் போய்விடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏறும். ஊர்வன இனத்தின் பகல் பொழுது முழுவதும் இந்த ஏற்றமும் இறக்கமும்தான். வீட்டில் ஆமையோ ஓணான் வகையோ வளர்ப்பவர்கள் பல்பு வாங்கக் கிளம்பும் முன் இதை ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் ஆசை.

நான் எலக்ட்ரீசியன். பனியன் கம்பெனிகளுக்கும் பிரிண்டிங் யூனிட்டுகளுக்கும் வயரிங் செய்வது பிழைப்பு. பல்லடம் பக்கம் கோழிப் பண்ணைகளில் குஞ்சு விடும்போது பல்பு லைன் இழுக்கவும் கூப்பிடுவார்கள். இப்போது கொஞ்ச காலமாக வீடுகளிலிருந்தும் அழைப்பு வருகிறது. வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் ஆமைக்குட்டி. பிறந்தநாளுக்குப் பிள்ளை கேட்டது என்று மீன் கடையில் வாங்கி வந்திருப்பார்கள். கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

"ஏனுங்ணா, இந்த ஆமைக்கு எத்தன வாட்ஸ் பல்புங் போடோணும்?"

"பல்பை அப்பறம் பார்க்கலாமுங்க்கா. மொதல்ல இந்தத் தொட்டியில நெழலு எங்க இருக்குதுன்னு காட்டுங்க."

இந்தப் பதிலை நான் ஏன் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

கடன் வாங்கும் சூடு

நம் உடம்பு சாப்பாட்டை எரித்துத் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பாம்பு, பல்லி, ஆமை, முதலை ஆகியவை வெளியிலிருந்து சூட்டை வாங்கிக்கொள்கின்றன. உடம்பு போதுமான அளவு சூடேறினால்தான் தின்றது செரிக்கும், நோயை எதிர்க்கும் சக்தி வேலை செய்யும், கை கால் வேகமாக அசையும். குளிர்ந்து கிடக்கும் ஆமை சாப்பிட மறுப்பது பிடிவாதத்தால் அல்ல. செரிக்காது என்பது அதன் உடம்புக்குத் தெரியும்.

இந்த உயிர்கள் சுற்றுப்புறம் எந்தச் சூட்டில் இருக்கிறதோ அதே சூட்டில் கிடக்கும் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவின் பாலைவனப் பல்லிகளையும் பாம்புகளையும் ஆராய்ந்து 1944-ல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே மாறி மாறிப் போவதன் மூலம் அவை தங்கள் உடல் வெப்பத்தைக் குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொள்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். இன்னொன்றையும் கண்டார்கள். அவை விரும்பித் தேடும் சூட்டுக்கும் அவற்றைக் கொன்றுவிடும் சூட்டுக்கும் நடுவே சில டிகிரிதான் இடைவெளி. அதனால்தான் தப்பித்துப் போக நிழல் இல்லாத இடத்தில், உயிரைக் காக்க வேண்டிய சூடே உயிரை எடுத்துவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க நம் மாவட்டத்திலேயே ஓர் இடம் உண்டு. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அமராவதி அணையை ஒட்டி, வனத்துறை 1975-ல் தொடங்கிய முதலைப் பண்ணை. அங்கே இருப்பவை நம் ஊர் நன்னீர் முதலைகள். காலையில் கரையேறிப் படுத்திருக்கும். வெயில் ஏறினால் சில முதலைகள் வாயை அகலத் திறந்துகொண்டு அப்படியே கிடக்கும். கடிக்கத் தயாராகிறது என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். உண்மையில் வாயின் ஈரம் ஆவியாகும்போது தலைப் பகுதி குளிர்கிறது. அதுவும் போதாமல் போனால் தண்ணீருக்குள் நழுவிவிடும். கரை, தண்ணீர் இரண்டும் இருப்பதால்தான் அந்த முதலை நலமாக இருக்கிறது. வீட்டுத் தொட்டிக்கும் இதுதான் விதி. ஒரு மூலையில் வெயில், மறு மூலையில் குளிர்ச்சி, நடுவே தாராளமாக நடமாட இடம்.

எவ்வளவு சூடு தேவை?

நம் வீடுகளில் அதிகம் இருப்பது காதோரம் சிவப்புக் கோடு போட்ட ஆமை. ரெட் இயர்டு ஸ்லைடர் என்பார்கள். தென்கிழக்கு அமெரிக்காவும் வடக்கு மெக்சிகோவும் அதன் தாயகம். வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். பெண் ஆமையின் ஓடு 25 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20, 30 வருடம் வாழும். இந்த ஆமை ஏறிப் படுக்கும் இடத்தில் 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். தண்ணீர் 24 முதல் 28 டிகிரிக்குள் இருப்பது நல்லது. குட்டிகளுக்கு அந்த அளவின் மேல்பக்கம், பெரிய ஆமைக்குக் கீழ்ப்பக்கம்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பியர்டட் டிராகன் வளர்ப்பவர்கள் இப்போது கோவை, திருப்பூர்ப் பக்கமும் இருக்கிறார்கள். அதன் கல்லில் 38 முதல் 42 டிகிரி வேண்டும், குளிர்ந்த பக்கம் 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். லெப்பர்டு கெக்கோ என்ற பல்லிக்கு 32 முதல் 34 டிகிரி போதும். உயிருக்கு உயிர் கணக்கு மாறும். ஒருவர் வீட்டு ஓணானுக்குப் போட்ட பல்பை இன்னொருவர் தன் ஆமைக்குப் போடுவது ஆபத்து.

இந்த எண்கள் எல்லாம் அந்த உயிர் படுக்கும் இடத்தின் மேற்பரப்புச் சூடு. அறையின் சூடு வேறு, பல்பின் கண்ணாடியில் உள்ள சூடு வேறு.

எந்தப் பல்பு?

எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது. அது வெளிச்சத்தை முன்னால் அனுப்புகிறது, உண்டாகும் கொஞ்சச் சூட்டையும் பின்னால் உள்ள உடலில் வைத்துக்கொள்கிறது. வெளிச்சம் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து ஆமைக்கு வெயில் கிடைக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

பழைய குண்டு பல்புதான் நாம் பார்த்ததிலேயே எளிய வெப்ப விளக்கு. உள்ளே போகும் மின்சாரத்தில் 100-க்கு 5 பங்கு அளவே வெளிச்சமாகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். வெளிச்சத்துக்காக எரித்த காலத்தில் இது வீண். 2015-ல் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்த பிறகு எல்.இ.டி. விலை இறங்கியது, குண்டு பல்பு கடைகளின் முன்வரிசையிலிருந்து போய்விட்டது. இன்றும் பழைய எலக்ட்ரிக்கல் கடைகளில் கேட்டால் 40, 60, 100 வாட்ஸ் எடுத்துக் கொடுப்பார்கள். சின்னத் தொட்டிக்கு இது நல்ல தொடக்கம். வெப்பம் நாலா பக்கமும் சிதறாமல் இருக்க அலுமினியக் குடை மாட்ட வேண்டும்.

ஹாலஜன் ஸ்பாட் அல்லது ஃபிளட் பல்பு என் முதல் தேர்வு. காரணம் இருக்கிறது. சூரியனிடமிருந்து வரும் வெப்பக் கதிர்களைக் காற்றில் உள்ள நீராவி வடிகட்டிய பிறகு தரையை வந்து சேர்வதில் பெரும்பங்கு குறுகிய அலை நீள அகச்சிவப்புக் கதிர்கள். அவை தோலின் மேலோடு நின்றுவிடாமல் கொஞ்சம் உள்ளே இறங்கிச் சூடேற்றுகின்றன. ஹாலஜன் இழை மிகுந்த வெப்பத்தில் எரிவதால் இந்த வகைக் கதிர்கள் அதில் அதிகம். பின்னால் பிரதிபலிப்பான் இருப்பதால் சூடு ஓரிடத்தில் விழும், வெளிச்சமும் பகல் போல இருக்கும். ஒளியும் வெப்பமும் ஒன்றாக வரும் இடத்தைத்தான் ஊர்வன வெயில் என்று அடையாளம் கண்டு தேடிப் போகின்றன.

பல்லடத்தில் கோழிப் பண்ணைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் சிவப்பு இன்ஃப்ராரெட் பல்பையே ஆமைக்கும் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். 150, 250 வாட்ஸ் பல்புகள் திறந்த கொட்டகையில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளுக்காகச் செய்யப்பட்டவை. 2 அடித் தொட்டியின் மேல் 250 வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டால் தொட்டி முழுவதும் அடுப்பாகிவிடும். சிவப்பு ஒளி இரவில் ஆமைக்குத் தெரியாது என்பதும் தவறான நம்பிக்கை. ஆமையின் கண் சிவப்பை நன்றாகவே காணும். இரவெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்தால் அதன் தூக்கம் கெடும்.

செராமிக் ஹீட்டர் என்பது வெளிச்சமே இல்லாமல் சூடு மட்டும் தரும் பீங்கான் குமிழ். அதிலிருந்து வருவது நீண்ட அலை வெப்பம், அது தோலின் மேல்பரப்பிலேயே நின்றுவிடும். பகலில் வெயிலுக்குப் பதிலாக இதை வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஊட்டி, குன்னூர் போன்ற குளிர்ந்த ஊர்களில் இரவில் அறை மிகவும் குளிர்ந்துபோகும் வீடுகளுக்கு இது பயன்படும். எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று பார்த்துத் தெரியாது. அதன் மேற்பரப்பு 200 டிகிரிக்கும் மேல் போகும். அதனால் கம்பிக் கூண்டு போடாமல் மாட்டவே கூடாது.

மெர்குரி வேப்பர் பல்பு சூட்டையும் புற ஊதாக் கதிரையும் ஒரே பல்பில் தருகிறது. விலை அதிகம். இதை டிம்மரில் குறைக்க முடியாது. மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் அணைந்துவிடும், ஆறிய பிறகுதான் மறுபடி எரியும். வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருக்களில் இதை நம்பி இருக்க முடியாது. பெரிய தொட்டி, நிலையான மின்சாரம் இரண்டும் இருப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும்.

சூடேறும் செயற்கைப் பாறை என்று ஒன்று விற்கிறார்கள். அதை வாங்கவே வேண்டாம். இந்த உயிர்கள் மேலிருந்து வரும் வெயிலை உணர்ந்து விலகப் பழகியவை. வயிற்றுக்கு அடியில் ஏறும் சூட்டைச் சரியாக அறியாமல் படுத்தே கிடந்து வயிற்றைப் பொசுக்கிக்கொள்கின்றன.

வாட்ஸ் ஒரு பக்கம், தூரம் மறுபக்கம்

60 வாட்ஸ் பல்பு எத்தனை டிகிரி தரும் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது, குடை இருக்கிறதா, கீழே என்ன கல், அறை எவ்வளவு சூடு என்பதெல்லாம் சேர்ந்துதான் விடை. குடையில்லாத பல்பை இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைத்தால் விழும் வெப்பம் கால் பங்காகிவிடும். எனவே கொஞ்சம் உயர்த்துவதும் தாழ்த்துவதும், வேறு வாட்ஸ் பல்பு வாங்குவதைவிடப் பெரிய மாற்றத்தைக் கொடுக்கும். ஆமைத் தொட்டிக்கு 40 முதல் 60 வாட்ஸ் வரை ஏதாவது ஒன்றைக் கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டி, ஒரு மணி நேரம் எரியவிட்டு அளந்து பார்த்து, பிறகு ஏற்றி இறக்கிச் சரிசெய்வது என் வழக்கம். அளக்கும்போது ஆமையின் முதுகு உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வளர்ந்த ஆமையின் ஓடு கல்லைவிடப் பல்புக்கு அருகில் இருக்கும்.

கல் விஷயத்தில் திருமுருகன்பூண்டிக்காரர்களுக்குக் குறையே இல்லை. சிற்பக் கூடங்களில் கேட்டால் வெட்டி மிஞ்சிய கருங்கல் துண்டு கிடைக்கும். கருங்கல் மெதுவாகச் சூடேறி, சூட்டை வெகுநேரம் வைத்திருக்கும். கால் பிடிக்கச் சொரசொரப்பாக இருக்க வேண்டும், ஆனால் விளிம்பு கூராக இருக்கக் கூடாது. ஆமையின் அடி ஓடு உரசிப் புண்ணாகும். விளிம்பை அங்கேயே மழுக்கித் தரச் சொல்லுங்கள். கல் தூசி போகத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீருக்குள் செங்கல் வைத்து அதன் மேல் கல்லை ஆடாமல் உட்காரவைத்து, ஆமை ஏறச் சரிவும் அமைக்க வேண்டும். ஆடும் கல்லில் ஆமை ஏறாது. ஏறவில்லை என்றால் எந்தப் பல்பு போட்டும் பயனில்லை.

சூட்டை அளக்கும் அறிவை நான் கற்றது இரண்டு இடத்தில். ஒன்று பிரிண்டிங் யூனிட். டி-சர்ட்டில் அச்சிட்ட பிளாஸ்டிசால் மை முழுமையாகப் பிடிக்க 160 டிகிரி வேண்டும். குறைந்தால் துவைக்கும்போது உரியும், கூடினால் துணி கருகும். அதனால் கையில் டெம்பரேச்சர் கன் இல்லாமல் யாரும் வேலை செய்வதில்லை. அதே கருவி ஆமைத் தொட்டிக்கும் போதும். கல்லுக்கு அருகில் பிடித்து அளக்க வேண்டும். தள்ளி நின்று அளந்தால் சுற்றியுள்ள பரப்பையும் சேர்த்துச் சராசரியைக் காட்டும். தொட்டிக் கண்ணாடிக்கு வெளியே நின்று அளந்தால் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். பளபளக்கும் தகட்டில் தப்பான எண் வரும். தொட்டிச் சுவரில் ஒட்டும் வட்ட மீட்டர் காற்றின் சூட்டை ஏதோ ஒரு மூலையில் காட்டுகிறது, அதை நம்ப வேண்டாம்.

இன்னொரு பாடசாலை பல்லடத்துக் கோழிக் கொட்டகை. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 35 செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறை என்பது கணக்கு. ஆனால் அனுபவமுள்ள பண்ணைக்காரர் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் குஞ்சுகளைப் பார்ப்பார். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர். ஓரத்துத் தகட்டை ஒட்டி ஒதுங்கி, இறக்கையைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகத் திரிந்து தின்றால் சரி. ஆமையையும் இப்படிப் படிக்கலாம். நாளெல்லாம் கல்லிலேயே கிடந்தால் தண்ணீர் குளிர்ந்திருக்கலாம், அல்லது உடம்பு சரியில்லை. கல்லின் பக்கமே போகாவிட்டால் அங்கே சூடு அதிகம், அல்லது கல் ஆடுகிறது. கொஞ்ச நேரம் காய்ந்து, இறங்கி நீந்தி, மறுபடி ஏறினால் உங்கள் ஏற்பாடு சரி. ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதப்பது, மூக்கில் குமிழி வருவது, கல்லுக்கு வெளியேயும் வாயைத் திறந்து மூச்சுவிடுவது ஆகியவை நுரையீரல் தொற்றின் அறிகுறிகள். அப்போது பல்பை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். உடுமலைப்பேட்டையிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

பஞ்சுத் தூசி உள்ள ஊர்

இந்தப் பகுதியை எலக்ட்ரீசியனாக வற்புறுத்திச் சொல்கிறேன். திருப்பூர் வட்டாரத்தில் வீட்டிலேயே பவர் டேபிள் போட்டுத் தைப்பவர்கள் ஏராளம். பஞ்சுத் தூசி எல்லாவற்றின் மீதும் படியும். 200 டிகிரிச் சூட்டில் உள்ள செராமிக் ஹீட்டர் மீதும், ஹாலஜன் பல்பின் மீதும் படியும். கட்டிங் வேஸ்ட் மூட்டை பக்கத்தில் இருந்தால் ஒரு பொறி போதும். துணி வேலை நடக்கும் அறையில் வெப்ப விளக்கு வைக்கக் கூடாது. வேறு அறையே இல்லை என்றால் இந்த உயிரை வளர்க்கக் கூடாது. மற்ற வீடுகளிலும் வாரம் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, காய்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

நம் வீட்டு ஹோல்டர்கள் பெரும்பாலும் பின் வகை. ஊர்வனவற்றுக்கான பல்புகள் திருகு வகை. இதை இணைக்கப் பிளாஸ்டிக் கன்வெர்ட்டர் போடுகிறார்கள். ஆறு மாதத்தில் அது மஞ்சளித்து நொறுங்கும், அல்லது உருகும். பீங்கான் ஹோல்டரும் சூடு தாங்கும் வயரும் போடுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் பல்பு 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் போட்டால் கிட்டத்தட்ட நாலு மடங்கு மின்சாரம் இழுத்து உடனே வெடிக்கும். அட்டைப் பெட்டியில் வோல்ட் எண்ணைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

விளக்கைக் கிளிப்பில் மட்டும் நம்பித் தொங்கவிடக் கூடாது. மேலே கொக்கி அடித்துச் சங்கிலியில் கட்ட வேண்டும், கிளிப் கூடுதல் பிடிப்பு. ஆமை நீந்தும்போது தெறிக்கும் தண்ணீர் சூடான கண்ணாடியில் பட்டால் பல்பு விரிசல் விடும். அதனால் தெறிப்புக்கு எட்டாத உயரம் அவசியம். வயர் பிளக்குக்கு நேராக இறங்காமல், பிளக்கைவிடத் தாழ்ந்து வளைந்து ஏற வேண்டும். வயரில் ஓடி வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக உள்ள இந்த இடத்துக்கு எர்த் இணைப்பும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். பிள்ளைகள் கையை விடும் தொட்டி இது.

நாட்டுக்கோழி முட்டைப் பெட்டிக்கு வைக்கும் இன்குபேட்டர் தெர்மோஸ்டாட் நம் பக்கம் எல்லா எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிறது. இங்கும் அது நல்ல காவல். 36 டிகிரி தாண்டினால் அணையும்படி வைக்கலாம். ஆனால் உணர்கருவியின் முனையைக் கல்லின் மீது அசையாமல் ஒட்டி வைக்க வேண்டும். அது நழுவித் தண்ணீருக்குள் விழுந்துவிட்டால், சூடு போதவில்லை என்று நினைத்துப் பல்பை அணைக்கவே அணைக்காது. டைமர் ஒன்றும் போட்டுப் பகலில் 10 முதல் 12 மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள். இரவில் இருட்டும் கொஞ்சம் குளிர்ச்சியும் இந்த உயிர்களுக்குத் தேவை. செலவையும் சொல்லிவிடுகிறேன். 60 வாட்ஸ் பல்பு தினம் 10 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 18 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 36 யூனிட். மின்வாரியம் இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு பல்புக்கே போய்விடும்.

சித்திரையில் பல்பு எதற்கு?

ஊர்வன வளர்ப்புப் புத்தகங்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே சூடு கொடுப்பதுதான் பிரச்சினை. இங்கே கதை வேறு. சித்திரை, வைகாசியில் சிமென்ட் ஷீட் போட்ட லைன் வீட்டுக்குள் மதியம் 35 டிகிரிக்கு மேல் போகிறது. அந்த அறையில் பல்பும் எரிந்தால் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டும், ஆமைக்கு ஒதுங்க இடமே இருக்காது. மார்ச் முதல் ஜூன் வரை என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பகலில் வெப்பப் பல்பை அணைத்து வையுங்கள் என்பதுதான். தொட்டியைக் காற்றோட்டமான அறைக்கு மாற்றுங்கள், தண்ணீரை அதிகமாக்குங்கள், ஒரு பக்கம் பலகை போட்டு நிழல் செய்யுங்கள். கார்த்திகை, மார்கழி, தையில் காலைப் பொழுது குளிர்ந்து ஆமை சோர்ந்து கிடக்கும்போதும், ஐப்பசி அடைமழையில் நாள் கணக்கில் வெயில் வராதபோதும் பல்பு தன் வேலையைச் செய்யட்டும்.

என் அக்கா மகள் வீட்டு ஆமைத் தொட்டிக்கு நான் போட்டுக் கொடுத்தது 50 வாட்ஸ் ஹாலஜன். ஒரு கருங்கல், டைமர், தெர்மோஸ்டாட். தை மாதக் காலையில் கல் 33 டிகிரி காட்டுகிறது. மறுமுனையில் தண்ணீர் 25. வெயில் காலத்தில் அதே விளக்கு பரணில் இருக்கிறது.

சூடு மட்டும் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடும் எலும்பும் உறுதியாகச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதை உடம்பு ஏற்க வைட்டமின் டி3 வேண்டும். அது தோலில் உண்டாக யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிர் வேண்டும். குண்டு பல்பிலும் ஹாலஜனிலும் செராமிக்கிலும் அது போதுமான அளவு கிடையாது. ஆமையின் ஓடு மெத்தென்று அமுங்குகிறது, ஓணானின் தாடை வளைகிறது என்றால் பெரும்பாலும் இந்தக் குறைதான் காரணம். இதற்குத் தனியாக யு.வி.பி. டியூப் உண்டு. எரிவது போலவே இருந்தாலும் அதன் கதிர் மாதங்களில் குறைந்துவிடும். 6 முதல் 12 மாதத்துக்குள், தயாரிப்பாளர் சொல்லும் கெடுவில் மாற்ற வேண்டும். நமக்கு அதைவிட நல்ல வழி தலைக்கு மேலேயே இருக்கிறது. காலை 8 மணிக்கு மேல் அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், கல், பாதி நிழல் ஆகியவற்றோடு மாடியில் அரை மணி நேரம் வையுங்கள். காகம், பூனை வராமல் வலை போட்டு, பக்கத்திலேயே இருங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் யு.வி.பி. இல்லை, கண்ணாடி அதைத் தடுத்துவிடும். கண்ணாடித் தொட்டியை அப்படியே வெயிலில் வைப்பது கொலைக்குச் சமம். சில நிமிடங்களில் உள்ளே சூடு ஏறிவிடும்.

வளர்க்கக் கூடியதும் கூடாததும்

நட்சத்திர ஆமை, பால் ஆமை போன்ற நம் நாட்டு ஆமைகளையும், உடும்பு, பாம்பு போன்றவற்றையும் வீட்டில் வைத்திருப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதிர்ஷ்டம் என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இக்வானா, பால் பைத்தான் போல சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள், 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியே பதிவு செய்ய வேண்டும்.

சிவப்புக் காது ஆமை பெரிதாகித் தொட்டி போதாமல் போகும்போது, நல்லாற்றிலோ குளத்திலோ விட்டுவிடலாம் என்று தோன்றும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது. நம் ஊர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும், நோயையும் பரப்பும். நல்லாற்றுத் தண்ணீர் போய்ச் சேருவது நஞ்சராயன் குளத்துக்கு. தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம் அது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சாயக் கழிவையும் குப்பையையும் தாண்டி அந்தக் குளத்தை இவ்வளவு தூரம் மீட்டுக் கொண்டுவந்த ஊர் நாம். நம் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு கேடு அங்கே போகக் கூடாது.

எனவே என் வேண்டுகோள் சுருக்கமானது. ஆமை கேட்கும் பிள்ளையிடம் முதலில் ஆமையின் ஆயுளைச் சொல்லுங்கள்: இன்று வாங்கினால் அந்தப் பிள்ளை கல்யாணம் ஆகிப் போகும்போதும் இது இருக்கும். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால், பெரிய தொட்டியை முதலிலும், வெப்பம் அளக்கும் கருவியை இரண்டாவதாகவும், ஆர்.சி.சி.பி.யை மூன்றாவதாகவும், பல்பை நாலாவதாகவும் வாங்குங்கள். அத்தனையும் பொருத்தி ஒரு வாரம் ஓடவிட்டு, கல்லில் ஒரு சூடும் தண்ணீரில் ஒரு குளிர்ச்சியும் நிலையாக நின்ற பிறகு ஆமையைக் கொண்டு வாருங்கள். இதைச் செய்ய முடியாத வீட்டுக்கு ஆமை வேண்டாம்.